கருப்பட்டிக் காப்பிக்குச் சுகர் ஏறாதா அக்கா?

போன இதழின் கடைசிப் பக்கத்தில், வீட்டு வைத்தியம் பற்றி என்ன கேட்கணுமோ எழுதுங்கள் என்று இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிப் பேர் கேள்வியே கேட்கவில்லை, மாமியாரோடு நடந்த சண்டையை எழுதியிருக்கிறார்கள். சரி, அதையும் படித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதற்கும் முன்னால் ஆச்சியின் அம்மியடியில் வளர்ந்தவள். இந்த இரண்டு பள்ளிக்கூடமும் எங்கே ஒத்துப்போகும், எங்கே முட்டிக்கொள்ளும் என்பது மட்டும் எனக்கு ஓரளவு தெரியும்.

எங்க வீட்டுக்காரருக்குச் சுகர் வந்து நாலு வருஷம் ஆகிறது. சீனியைத் தொடுவதே இல்லை. ஆனால் உடன்குடிக் கருப்பட்டி போட்டு ஒரு நாளைக்கு நாலு காப்பி. கேட்டால் 'கருப்பட்டி மருந்துல்லா' என்கிறார். போன வாரம் வெறும் வயிற்றில் 210 காட்டியது. கருப்பட்டிக்கும் சுகர் ஏறுமா அக்கா?
*வாசகி, மேலப்பாளையம்*

ஏறும் தங்கச்சி. சீனிக்கு ஏறுகிற மாதிரியேதான் ஏறும்.

பதநீரைக் காய்ச்சி, தண்ணீரை வற்றவிட்டு, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. பதநீர் எதனால் இனிக்கிறது? கரும்புச் சாற்றில் இருக்கிற அதே சர்க்கரையால்தான். சீனியில் மற்றதையெல்லாம் கழித்துவிடுகிறார்கள், கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்தும் மணமும் நிறமும் தங்கிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சுகர் இல்லாதவர்களுக்கு நான் கருப்பட்டியைத்தான் சொல்வேன், ருசிக்காகவே சொல்வேன். சுகர்க்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் வீட்டிலும் இதே கூத்து நடந்தது. எவ்வளவு சொல்லியும் கேட்காதபோது ஒரு நாள் என் வீட்டுக்காரர் காப்பிக்குத் தட்டிப் போடுகிற ஒவ்வொரு துண்டுக்கும், போடுவதற்கு முன் அதே அளவு இன்னொரு துண்டு எடுத்து அஞ்சறைப்பெட்டி மூடியில் சேர்த்துக்கொண்டே வந்தேன். ராத்திரி தராசில் வைத்தால் 62 கிராம். பக்கத்தில் ஒரு டம்ளரில் 62 கிராம் சீனியை அளந்து வைத்தேன், பன்னிரண்டு ஸ்பூனுக்கு மேல் வந்தது. மனுஷர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளில் இருந்து வெறும் கடுங்காப்பி. முதல் பத்து நாள் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் பழகிவிட்டது. நீங்களும் தராசை எடுங்கள். வாய்ப்பேச்சை விட அது நன்றாக வேலை செய்யும்.

வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், ஆவாரம்பூ டீ எல்லாம் குடிக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குடிக்கட்டும். வெந்தயத்தில் இருக்கிற நார்ச்சத்து, சாப்பிட்ட பிறகு சுகர் சட்டென்று எகிறுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் கதை கெட்டது. வெறும் வயிற்றில் 210 என்பது காப்பியை மட்டும் மாற்றிச் சரிசெய்கிற அளவு இல்லை. இந்த வாரமே போய் மூன்று மாதச் சராசரி காட்டுகிற ரத்தப் பரிசோதனையும் எடுத்து, டாக்டரைப் பாருங்கள்.

இனிப்பு மருந்தாகிற நேரமும் ஒன்று உண்டு. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தி, கை நடுங்கி, குப்பென்று வேர்த்து, கண் இருட்டுகிறது என்றால் அது சுகர் இறங்குகிற அடையாளம். அப்போது மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுக்கணும், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

அல்வா சாப்பிடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலியில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதினால் ஊரில் நடமாட முடியாது.

மகளுக்குப் பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தை. சம்பந்தி அம்மா தினமும் குளிப்பாட்டி, வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் உரைத்து ஒரு சங்கு கொடுக்கிறார்கள். நாக்கில் தேன் தடவுகிறார்கள், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார்கள். மகள் போனில் அழுகிறாள். நான் என்ன சொல்ல?
*வாசகி, அம்பாசமுத்திரம்*

வேலையில் இருந்தபோது என்னை அதிகம் வாசலில் நிறுத்தி வைத்துப் பேசிய விஷயம் இதுதான். 'நீங்க எல்லாம் எப்படி வளந்தீங்க?' என்று கேட்பார்கள். உரைமருந்து குடித்துத்தான் வளர்ந்தேன். என் கூடப் பிறந்து வளராமல் போன இரண்டு பேரும் அதைக் குடித்தவர்கள்தான், அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம், நம்ம சித்திரை வெயிலிலும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போனால் பால் பற்றுகிறது என்று அர்த்தம். தேன் ஒரு வயது முடிகிற வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதை, பெரியவர்கள் குடலில் சும்மா போய்விடும், குழந்தை குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிக் கை காலைத் துவளப் பண்ணிவிடும். மூக்கில் விடுகிற எண்ணெய் நேராக நுரையீரலுக்கு இறங்கும், அதனால் வருகிற நிமோனியா லேசில் ஆறாது. இந்த மூன்றில் எதை முதலில் நிறுத்தச் சொல்வது என்றால் நான் எண்ணெயைத்தான் சொல்வேன்.

வசம்பு கொஞ்சம் சங்கடமான விவகாரம். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர், ராத்திரியில் பெயரைச் சொல்லக் கூடாது என்று 'பேர் சொல்லா மருந்து' என்பார்கள், அப்படி மரியாதை உள்ள சாமானை வேண்டாம் என்றால் யாருக்கும் மனசு வராது. ஆனால் அதில் பீட்டா அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது உடம்புக்கு நல்லதில்லை. உரைகல்லில் இரண்டு சுற்றா மூன்று சுற்றா என்பதும் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. அந்தக் கல்லும் சங்கும் கழுவின லட்சணம் எப்படி என்பது வேறு.

சம்பந்தி அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 'மைனி, ஆறு மாசம் வரைக்கும் ஒண்ணும் வாயில விடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு' என்று பழியை டாக்டர் மேல் போடுங்கள், டாக்டர்களுக்கு அது பழக்கம்தான். குளிப்பாட்டுவது, கால் நீவி விடுவது, ஏணையில் போட்டு ஆட்டுவது எல்லாம் சம்பந்தி அம்மா கையிலேயே இருக்கட்டும். வசம்பை வேண்டுமானால் ஏணைக் கம்பில் உயரக் கட்டிக்கொள்ளட்டும், கையில் கட்டினால் குழந்தை சப்பும்.

சாயங்காலம் ஆனால் வீறிட்டு அழுகிறது என்று சொன்னீர்களே, அது ஆறு வாரத்தில் உச்சத்தில் இருக்கும், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டச் சொல்லுங்கள். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு 100.4 டிகிரிக்குச் சுட்டாலோ, மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தையை ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

காணத் (கொள்ளு) துவையல் தினமும் தின்றால் தொப்பை குறையுமா?
*வாசகர், சங்கரன்கோவில்*

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பிக் கேட்கிறீர்கள். நூறு கிராம் காணத்தில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ள மாட்டீர்கள். அப்படிக் குறைந்தால் உண்டு. துவையலைத் தொட்டுக்கொண்டு கூட ஒரு தட்டு சோறு இறங்கினால் அண்ணாச்சி, காணத்தின் மேல் குற்றம் சொல்லக் கூடாது.

சாரல் தொடங்கினதில் இருந்து நாலு வயது மகனுக்குத் தடுமமும் இருமலும். கற்பூரவல்லி, ஆடாதோடை, ஆவி பிடிப்பது, இதில் எது நல்லது?
*வாசகி, இலஞ்சி*

கற்பூரவல்லி இலை இரண்டை வாட்டிப் பிழிந்து, தேனில் குழைத்துக் கொடுங்கள். தேனே ராத்திரி இருமலைக் குறைக்கும், ஒரு வயது தாண்டின பிள்ளைக்குப் படுக்கும்போது அரை ஸ்பூன் போதும். ஆடாதோடை லேசான சாமான் இல்லை. அதில் இருக்கிற வாசிசின் என்ற சத்தைப் பார்த்துத்தான், சளி இளக்குவதற்குக் கடைகளில் விற்கிற புரோம்ஹெக்சின் மருந்தையே உண்டாக்கினார்கள். அதனால் கைப்பிடி கைப்பிடியாக அவித்து ஊற்றாமல், சித்த மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் ஆடாதோடைப் பக்கமே போக வேண்டாம், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும்.

ஆவி வேண்டாம். இதை நான் ஊருக்குச் சொல்கிற உபதேசமாக எழுதவில்லை. என் சின்ன மகனுக்கு ஆறு வயதில் போர்வையை மூடி உட்கார வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதென்று திரும்பினேன். அவன் தும்மினான், பாத்திரம் சாய்ந்தது. வலது தொடையில் இன்னும் அந்தத் தழும்பு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது, நான் ஒரு நர்ஸ்.

நெஞ்சில் தேய்க்கக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவதும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

இதை விட முக்கியமாக ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். வயிறு ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு வயதில் இருந்து ஐந்து வயதுக்குள் நாற்பது அல்லது அதற்கு மேல் வந்தால், இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் ஐம்பது வந்தால், கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படணும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். அதெல்லாம் இல்லை, ஆனால் இருமல் இரண்டு வாரம் தாண்டிவிட்டது என்றால், பெரியவர்களானாலும் சரி, காசநோய் இருக்கிறதா என்று பார்க்கணும். அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது.

மகள் வயதுக்கு வந்து மூன்று மாதம். உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பார்த்ததில் ரத்தம் 9 என்று சொல்லியிருக்கிறார்கள். களியே போதுமா, மாத்திரையும் வேண்டுமா? மாத்திரை சூடு என்கிறார்கள்.
*வாசகி, திசையன்விளை*

களியையும் விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம். களி எதற்கு என்றால் வளர்கிற பிள்ளைக்குப் புரதத்துக்கும் தெம்புக்கும். தொலி உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, இரண்டையும் தனித்தனியாக மணம் வர வறுத்துத் திரித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி, மாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, அடுப்பைக் குறைத்து வைத்துக் கிண்டுங்கள். நல்லெண்ணெயை மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடணும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டாமல் வரணும், களி மேலே எண்ணெய் கக்கணும், அதுதான் பதம். உருட்டி நடுவில் குழி பண்ணி இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கொடுப்பாள் எங்கள் ஆச்சி, தின்று முடிக்கிற வரை எழுந்திருக்க விடமாட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகம் சுளித்தால் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் பண்ணிக் கொடுங்கள், அதே உளுந்துதான்.

ஆனால் 9 என்ற எண்ணைக் களி தூக்கி நிறுத்தாது. அந்த வயதுப் பெண் பிள்ளைக்கு 12 இருக்கணும். உளுந்து, கருப்பட்டி, முருங்கைக் கீரை இதில் எல்லாம் இரும்பு இருந்தாலும் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுக்கிற நீல இரும்புச்சத்து மாத்திரை, ரத்தம் குறையாமல் காப்பதற்கு. 9க்கு அது பற்றாது, டாக்டர் சொல்கிற அளவில் தினமும் போடணும். சூடு எல்லாம் ஒன்றும் இல்லை. வயிற்றைப் பிரட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும், டீயும் காப்பியும் ஒரு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் வேண்டாம். பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா என்று அவளிடம் கேளுங்கள், பிள்ளைகள் தானாகச் சொல்லாது.

தம்பிக்கு மஞ்சள் காமாலை. கண்ணில் பச்சிலைச் சாறு விட்டால் மஞ்சள் இறங்கிவிடும் என்று கூப்பிடுகிறார்கள். கீழாநெல்லி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். போதுமா?
*வாசகர், கடையம்*

கண்ணில் எதையும் விடாதீர்கள் ஐயா. மஞ்சள் கண்ணில் தெரிகிறதே தவிர, கோளாறு கல்லீரலில். சாறு விட்டுக் கண் எரிந்து நீர் வடிந்தால் அது காமாலை இறங்குவது இல்லை, கண் புண்ணாவது.

கீழாநெல்லிக்கு நல்ல பெயர் உண்டு. கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி கிருமிக்கு அது பலன் தருகிறது என்று சென்னையில் நடந்த ஆராய்ச்சி 1988ல் லான்செட் என்ற பெரிய மருத்துவப் பத்திரிகையிலேயே வந்தது, ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. நம் ஊரில் கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானே சரியாகிவிடும். அந்த நேரத்தில் யார் கடைசியாக மருந்து கொடுத்தாரோ அவருக்குப் பெயர். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குகிற செடிதானா என்று பார்த்து, கழுவி அரைத்து மோரில் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் எந்தக் காமாலை என்று தெரிய ரத்தம் பார்த்தே ஆகணும். கல்லடைத்தும் வரும், குடியாலும் வரும், பி, சி கிருமியாலும் வரும், மஞ்சள் மட்டும் ஒரே மாதிரி இருக்கும். காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். உப்பில்லாப் பத்தியம் தேவையில்லை, இறங்குகிறதைச் சாப்பிடட்டும். சம்பந்தமில்லாமல் பேசினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் காய்ச்சின தண்ணீர் தவிர வேறு கொடுக்காதீர்கள், கெட்ட தண்ணீரால் பரவுகிற ஹெபடைடிஸ் இ அவர்களைக் கடுமையாகத் தாக்கும்.

டெங்கு சீசனில் நிலவேம்பு குடித்தால் போதும்தானே?
*வாசகர், கடையநல்லூர்*

உங்கள் ஊர்ப் பக்கம் 2012ல் டெங்குவால் பட்ட பாடு எனக்கு மறக்காது. நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சாமான் சேரும். குடியுங்கள். ஆனால் காய்ச்சல் விட்ட அன்றுதான் டெங்குவில் ஆபத்தே ஆரம்பிக்கிறது, அதை மட்டும் மறக்க வேண்டாம். காய்ச்சல் இறங்கின பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு என்றால் கஷாயம் கையில் இருக்கும்போதே ஆட்டோவைக் கூப்பிடுங்கள். உடம்பு வலிக்கு ஆஸ்பிரினும் புரூஃபனும் போடவே கூடாது.

கல்யாண வீட்டுச் சொதிக்கு இஞ்சித் துவையல் வைப்பது ஏன்? அதில் மருத்துவம் இருக்கிறதா, வெறும் வழக்கமா?
*புது மருமகள், பாளையங்கோட்டை (பிறந்த ஊர் சேலம்)*

வாம்மா, வா. மறுவீட்டில் மாப்பிள்ளைச் சொதி சாப்பிட்டிருப்பாய், அதுதான் கேட்கிறாய். அது முழுக்கத் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும், வயிற்றில் கல்லு மாதிரி உட்காரும். இஞ்சி இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், குமட்டலையும் அடக்கும், அதனால் வழக்கத்தில் விஷயம் இருக்கிறது. இஞ்சியைத் தோல் சீவி நல்லெண்ணெயில் வதக்கி, மிளகாய் வற்றல், புளி, ஒரு துண்டு கருப்பட்டி வைத்து அரைத்துக்கொள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சமாக வை, அவர்களுக்கு அதுவே எரியும்.

இனி நீயே சொதி வைப்பாய் என்பதால் சொல்கிறேன். காய்கறியை இரண்டாம், மூன்றாம் பாலில் வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி நுரை கட்டினதும் இறக்கிவிடு. கொதிக்க விட்டால் திரிந்துவிடும். எலுமிச்சை பிழிவது இறக்கி ஆறின பிறகுதான்.